வாசற்படிக்கு அந்தப் பக்கம் மெஷின்

3 மார்ச் 2025, திங்கள்
கூட்டம் கலைந்தது. இவரை எரித்துவிட்டு வந்து எல்லாரும் பேசியது என்ன? எங்கள் பிளாட்டில் லிப்ட் ஓடவில்லை என்று. மனுஷர்கள்!

நாத்தனார் சீதாலெட்சுமி மட்டும் போகவில்லை. தன் அண்ணன், என் வீட்டுக்காரர் நாகையா உயிரோடு இருந்தபோது ஒரு தீபாவளிக்கு எட்டிப் பார்த்தாளா? இப்போது பந்திங் ஊரிலிருந்து வந்து முறை சொல்கிறாள். "கருமாதி முடியிறவரைக்கும் நீங்க வாசப்படி தாண்டக்கூடாது அண்ணி."

சனிக்கிழமை டயாலிசிஸ் போகவில்லை. நாளையும் போக மாட்டேன். முறைக்காக இல்லை. இவரே இல்லை, இந்த ரத்தத்தைச் சுத்தம் பண்ணி யாருக்கு?

4 மார்ச், செவ்வாய்
பரமேஸ்வரன் வந்தான். என்னோடு ஒரே ஷிப்டில் மெஷினில் கிடப்பவன். நோயாளிக்கு நோயாளியே சொல்லித் தருவது என்று எங்கள் கிள்ளான் டயாலிசிஸ் சென்டரில் ஆரம்பித்து இவனுக்கு ஒரு பச்சை டீ-சட்டை கொடுத்தார்கள். அன்றிலிருந்து டாக்டர் நினைப்பு. சாவு வீட்டுக்கும் அதே சட்டை. கையில் பழப் படம் போட்ட அட்டை. இளநீர் கூடாதாம், வாழைப்பழம் கூடாதாம். இவர் போட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டு!

"தம்பி, முறைன்னு ஒண்ணு இருக்கு லா" என்றாள் சீதாலெட்சுமி.

"ஆன்டி, எங்க சென்டர் பாலனும் அவங்கம்மா கருமாதி முடியட்டும்னு மெஷினுக்கு வராம இருந்தான். கடைசில ரெண்டு பேருக்கும் சேத்து வச்சாங்க."

"விதி" என்றாள் அவள். மைலோவில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே.

5 மார்ச், புதன்
கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தே கிடந்தேன். ஹாலில் சீதாலெட்சுமி போனில் பேசியது காதில் விழுந்தது. "அண்ணியும் தாங்காது போல. ரெண்டு தடவ பஸ் ஏற முடியாது, ஒரே நடையா இருந்து பாத்துட்டு வரேன்."

பாத்துட்டு வருவாளாமே! என் சாவுக்கும் உட்கார்ந்து பிஸ்கட் தோய்ப்பாளா? நடக்காதுடி.

6 மார்ச், வியாழன்
பரமேஸ்வரனுக்குப் போன் போட்டேன். காரோடு வந்தான். சீதாலெட்சுமி வாசலை மறித்தாள். "அண்ணன் ஆவி என்ன நெனைக்கும்?"

"உங்கண்ணன் இருந்தா நேத்தே கூட்டிட்டுப் போயிருப்பாரு. தள்ளு" என்றேன்.

சென்டரில் நர்ஸ் மிஸ்ஸி கத்தினாள். கத்தட்டும். மெஷின் தண்ணீரை இறக்க இறக்க மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பக்கத்து நாற்காலியில் பரமேஸ்வரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

11 மார்ச், செவ்வாய்
போனேன். எனக்கும் ஒரு பச்சைச் சட்டை வாங்கித் தரவா என்கிறான். மூஞ்சியைப் பார்.

15 மார்ச், சனி
கருமாதி. காலையில்தான் செய்வது என்றார் காரியம் செய்ய வந்த பண்டாரம். காலையில் எனக்கு மெஷின், மத்தியானம் வையுங்கள் என்றேன். "மெஷினுக்காக எவளாச்சும் கருமாதிய தள்ளி வைப்பாளா?" என்று குதித்தாள் சீதாலெட்சுமி. பையை எடுத்துக்கொண்டு மெஷினுக்குக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது எல்லாரும் படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான். இதுவரை எனக்காகக் காத்திருந்தது இவர் ஒருவர். சென்டர் வாசலில், வெயிலில், மோட்டார் சைக்கிள் மேல். ஒரு நாள் முனகியதில்லை.

ஊசிக் கட்டுப் போட்ட கையாலேயே படையல் போட்டேன்.

இனி சென்டருக்கு எந்த பஸ் என்று பரமேஸ்வரனிடம் கேட்க வேண்டும். கேட்டால் கூடவே வந்து ஏற்றிவிடுவான், சனியன்.