அம்மா கையெழுத்துப் போட்ட தாள்

செவ்வாய்க்கிழமை, இரவு

அம்மா தூங்கிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷூ கம்பெனியில் தன்னை வேலையை விட்டு நிறுத்தியதற்காக, வக்கீல் வைக்காமல் அம்மாவே வழக்கு நடத்துகிறாள். மனு எழுதித் தருவது நான்தான். இன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு வேலூர் கோர்ட்டுக்குப் போனேன்.

வராந்தாவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். "இன்னாம்மா செல்வி, ஆம்பூர்லேர்ந்து எத்தினி வாட்டி அலைவ? இதுல கையெழுத்து போடு, சீக்கிரமா ஒரு தேதி வாங்கித் தர்றேன். காசெல்லாம் வேணாம்" என்றார். நாங்கள் பெயரையோ ஊரையோ அவரிடம் சொல்லவே இல்லை.

தாள் முழுக்க ஆங்கிலம். அம்மா என்னிடம் நீட்டினாள்.

"எம் பொண்ணு பத்தாவது சார், இங்கிலீஷ் மீடியம். அவ படிச்சிட்டு சொல்லட்டும்."

"படி பாப்பா. பரீட்சை ஹால்ல மாதிரி முழிக்காத" என்று அவர் சிரித்தார்.

எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "தேதி கேட்டுதாம்மா எழுதியிருக்கு" என்றேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். நகல் கேட்டேன். "அப்பறம் பாத்துக்கலாம்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் ஏறிப்போன கார், கம்பெனி கேட்டில் நிற்கும் கார் மாதிரியே இருந்தது. நிறம் மட்டும்தான் ஒன்றா?

வழக்கையே விட்டுவிடுவதாக அதில் எழுதியிருந்தால்?

முதல் பஸ்ஸில் போனால், கோர்ட் திறந்ததும் ஆபீஸில் சொல்லிவிடலாம். அதற்கு முன், நான் பொய் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். விடிந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். இப்போதே எழுப்புகிறேன்.