பாகாயம் பஸ்ஸில் மயங்கி விழுந்தால்

6.7.98, திங்கள்

வெயில். ரோட்டில் தார் செருப்போடு ஒட்டுகிறது. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிக்கவில்லை. அதைவிட முக்கியமான வேலை இருந்தது.

நாலரை மணி பாகாயம் பஸ். என் தோஸ்த் தாஜு (இனிமேல் தா.) நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். ஏற்பாடு என்னுடையது. நான் கடைசி சீட்டில் யாரோ மாதிரி உட்கார்ந்து விநாடி எண்ணினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஏறியவர்கள் பாதிப் பேர். பத்துக்குள் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நாற்பத்தொன்று.

மயக்கம் தா.வுக்கு, தயக்கம் பஸ்ஸுக்கு. பார்த்தவை:

– வெள்ளைப் புடவை நர்ஸ் மூன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
– டாக்டருக்குப் படிக்கிற அண்ணன், கையில் மடித்த கோட்டு. ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.
– மீதிக் கூட்டம் இந்த நாலு பேரையும் பார்த்தது.

பக்கத்து சீட்டுப் பெரியவர், உட்கார்ந்தபடியே: "ஆஸ்பத்திரிக்காரங்கதான் இருக்காங்களே, பாத்துப்பாங்க."

கடைசியில் எழுந்தது ஒரு கீரைக்காரம்மா. திமிரி கிராமத்துப் பக்கமிருந்து வந்தவர். யார் நர்ஸ், யார் டாக்டர் என்று தெரியாது. அதனால்தான் எழுந்தார் என்று சந்தேகம். கீரைக்குத் தெளிக்கிற தண்ணீர் முழுக்க தா. தலையில். "இன்னாம்மா, காலைல துன்னியா இல்லியா?" தா.வுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, அதை இருமலாக்கிவிட்டாள்.

சம்பளம்: எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து சுட்ட குளுக்கோஸ். பாதியை நக்கித் தீர்த்தாள். மீதி என் பையில்.

7.7, செவ்வாய்

அரை நாள் ஸ்கூல். மத்தியான பஸ்ஸில் ஏழே பேர். தா. விழுந்தாள். 'மூன்று' எண்ணுவதற்குள் நாலு பேர் தூக்கிவிட்டார்கள். ஆக, கூட்டம் ஜாஸ்தி, கை கம்மி. மெடல் எனக்குத்தான்.

சாப்பிடும்போது அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டே: "நேத்து பஸ்ஸுல ஒரு பொண்ணு விழுந்துச்சாமே."

யார் சொன்னது என்றேன். வார்டில் பேசிக்கொண்டார்களாம். அம்மாவும் நர்ஸ். டூட்டி முடிவது நாலு மணிக்கு. அப்படியானால் அந்த நாலரை பஸ்ஸில்தானே வந்திருக்க வேண்டும்?

8.7, புதன்

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் டீக்கடை போர்டுக்குப் பின்னால் நின்று வேவு. சந்தேகங்கள்:

1. அம்மா பஸ் ஏறும் முன் மார்பில் குத்தியிருக்கும் நர்ஸ் வாட்சைக் கழற்றி டிபன் பைக்குள் போடுகிறாள்.
2. வெள்ளைப் புடவையையும் வார்டிலேயே மாற்றி, கத்திரிப்பூ கலரில் வருகிறாள். மற்ற நர்ஸுகள் மாற்றுவதில்லை.
3. வாட்சைப் பற்றிக் கேட்டால்: "பஸ்ஸுல எனக்கு எதுக்குடி மணி? கண்டக்டர் பாத்துப்பான்."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் கத்திரிப்பூ இருந்ததா? நினைவில்லை. இருந்திருந்தால் அம்மாவும் ஜன்னல் பார்த்த கோஷ்டி. யாரும் தன்னைக் கேட்டுவிடக் கூடாது என்றே வேஷம் மாற்றுகிறவள். பேஜாராக இருக்கிறது. தா.விடம் சொல்லவில்லை.

11.7, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நாலரை பஸ். நிற்க இடமில்லை. அம்மா முன்னால் லேடீஸ் சீட்டில். நான் கடைசி சீட்டில், வேவு. அவளுக்குத் தெரியாது (என்று நினைத்தேன்).

தோல் பதனிடும் ஷெட் வாடையோடு நின்றிருந்த ஒருவர் அப்படியே சரிந்தார். சட்டை முழுக்க வேர்வை. கண் செருகல். ஒரு குரல்: "சனிக்கிழம ஆச்சே, போட்டிருப்பான்." வெள்ளைப் புடவை இரண்டு இருந்தது. எல்லாரும் அங்கே பார்த்தார்கள். இது நடிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும் எண்ண ஆரம்பித்தேன்.

எட்டில் கத்திரிப்பூ எழுந்தது.

அவர் வாயை மோந்து பார்த்தாள். "குடிக்கல." பிறகு விரலை நீட்டினாள். "செக் சட்ட, நீ போய் ஆஸ்பத்திரிக்கு வண்டியத் திருப்பச் சொல்லு. கூலிங் கிளாஸ், நீ கால புடி." விரல் காட்டிய ஆள் எல்லாம் எழுந்தான். அந்த விரல் கடைசி சீட்டுக்கு வந்தது.

"ரெட்ட ஜட. பையில குளுக்கோஸ் இருக்கு பாரு, எடு."

எடுத்தேன். தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவர், எங்கே போகிறோம் என்று கேட்டார். சர்க்கரை இறங்கிப் போயிருந்ததாம். பிழைத்துக்கொண்டார்.

கண்டக்டர், அம்மா நர்ஸ் என்று அங்கேதான் தெரிந்து: "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

அம்மா: "சொன்னா நீங்கள்லாம் உக்காந்துக்குவீங்க."

12.7, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் நீளம், ஃபேன் கம்மி.

என் பையில் குளுக்கோஸ் இருப்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை பஸ்ஸில் இருந்திருக்கிறாள், தா.வின் நடிப்பு தெரிந்துதான் எழவில்லை. இல்லையென்றால் பையைச் சோதனை போடுகிறாள். எதுவானாலும் சண்டை போட எனக்கு வாயில்லை.

அம்மா, எட்டு. செக் சட்டையும் கூலிங் கிளாஸும் இருபதுக்குள். நான்? மடியில் குளுக்கோஸோடு முப்பத்தாறு வரை எண்ணினேன். அம்மாதான் இருக்காளே என்று.

தா. வந்து, நாளைக்கு மறுபடி விழட்டுமா என்கிறாள். வேண்டாம் என்றேன்.

காலையில் அம்மா சீப்போடு வந்தபோது, 'ரெட்ட ஜட' இனிமேல் வேண்டாம், ஒற்றைச் சடை போதும் என்றேன். அவள் ஒரு ரிப்பனை மட்டும் எடுத்தாள்.