ஆடு எழுந்து நின்றதும் மாறிய அளவு

என் பாசத்துக்குரிய பாலா அண்ணை,

நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. இங்கே சுவிஸில், பேர்ன் நகரில் பனி உருகிவிட்டது. என் கோபம் மட்டும் அடங்கவில்லை. உங்கள் மேலா, என் மேலா என்றுதான் தெரியவில்லை.

இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் பெரிய சட்டிகளைத் தனியாகத் தூக்கியவர் நீங்கள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இதயம் வீங்கி, நாலு படி ஏறவே மூச்சு வாங்கியது. பௌதிகம் படித்த நானோ, இதயத்துக்குத் துணையாக உள்ளே பொருத்தும் பம்பைச் செம்மறியாடுகளில் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன்.

"பிள்ளை, உங்கட பம்பை எனக்குப் பூட்டேலாதோ?" என்று கேட்டீர்கள்.

"பாப்பம் அண்ணை." வேறென்ன சொல்ல?

பம்பு நன்றாகத்தான் ஓடியது. இதய அறையில் எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியாது. அறை வெறுமையான பிறகும் உறிஞ்சினால் இதயச் சுவரையே இழுத்துவிடும். அதனால் உள்ளே மெல்லிய கம்பி விட்டு, சிறிது மின்சாரம் செலுத்தி, இரத்தம் அதை எவ்வளவு கடத்துகிறது என்பதை வைத்து அளவைக் கணித்தோம். ஆடு மயங்கிக் கிடக்கும்வரை கணக்குச் சரி. எழுந்து நின்றதும் பிழை. நிலை மாறியதும் சுற்றியுள்ள தசையும் கூடுதலாக மின்சாரத்தைக் கடத்தியதால், வெறுமையான அறையும் நிறைந்திருப்பதாகக் காட்டியது.

உங்களைப் பற்றிப் பேராசிரியரிடம் சொன்னேன். "அளவை நம்பலாம் என்று நீ எழுதித் தா, மருத்துவர்களிடம் கேட்கிறேன்" என்றார்.

ஒரு கிழமை, ஏழு நாளும் அந்தத் தாளோடு திரிந்தேன். பிறகு, 'நம்ப முடியாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

உங்களிடமோ, "அவையள் ஓம் எண்டு சொல்லேல்லை, அண்ணை" என்றேன்.

"அதுக்கு நீ ஏன் அழுறாய்?" என்று என்னைத் தேற்றினீர்கள். அந்த 'அவையள்' நான்தான் அண்ணை. ஏன் அப்போதே சொல்லத் துணியவில்லை?

போன செவ்வாய்க்கிழமை ஒரு வழி கிடைத்தது. கொஞ்சம் செறிந்த உப்புநீரைச் செலுத்தினால் சற்று நேரம் இரத்தம் மட்டும் கூடுதலாகக் கடத்துகிறது. அதை வைத்துத் தசையின் பங்கைக் கழித்துவிடலாம். உப்புத் தண்ணி! இதற்கா இவ்வளவு காலம்? ஆடு நின்றபடி வைக்கோல் தின்றது. பம்பு தானே வேகத்தைக் கூட்டிக் குறைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

இப்போது பேராசிரியருக்கு அவசரம். "இது போதும், நம்பலாம் என்று எழுது" என்கிறார். இரண்டாவது ஆட்டில் அளவு மறுபடி விலகியதைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உங்களுக்காகக்கூடப் பொய் எழுதவில்லை நான். இனி அவருக்காகவா எழுதுவேன்? 'நம்பலாம்' என்று நான் எழுதும் நாளில், ஒரு மனிதர் அதை நம்பித் தன் நெஞ்சைத் திறந்து கொடுக்கலாம். எல்லா ஆட்டிலும் அளவு சரிவரும்வரை கையெழுத்து வைக்க மாட்டேன், அண்ணை.

உங்களிடம் மட்டும் உண்மையை மறைத்த
தங்கச்சி வதனி