நட்சத்திரம் கிடைக்காத பதில்

அன்பு மகளுக்கு,

இங்கே நான், அப்பா, அப்பாவின் இருமல் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை மறைக்காமல் எழுது.

நீ போனில் நச்சரித்தாயே, அந்தச் சமூகத் தொழில்முனைவோர் பயிற்சிக்குப் போய்வந்தேன். ஒருவரோடு ஒருவர் கைகோத்துத் திறமையை வளர்த்துக்கொள்வதாம். ஏசி அறை, ஆளுக்கொரு கழுத்து அட்டை. நடத்திய தம்பி நல்ல பிள்ளைதான், ஆனால் ஒரு காரியம் செய்தார். அடுத்தவருக்கு உதவினால் அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார், அதிகம் வாங்கியவருக்குச் 'சிறந்த கூட்டாளி' கேடயம். உதவி கேட்பவருக்கு ஒன்றும் கிடையாது. அவ்வளவுதான், அறையில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லாமல் போய்விட்டது! எல்லோரும் உதவ அலைகிறார்கள், வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. துடைக்கலாம் என்று கண்ணாடியைக் கழற்றினேன், மூன்று பேர் பாய்ந்தார்கள். காகிதப்பை செய்பவர் என் கைப்பையைக் கழிப்பறை வாசல்வரை சுமந்து வந்தார். நான் மட்டும் என்ன யோக்கியமா? நம் நாற்காலிப் பட்டறையை மூடிவிடலாமா என்று கலங்கிக்கொண்டே போனவள், "எங்களுக்கென்ன குறை, ஜோரா ஓடுது" என்று மைக்கில் கதை அளந்தேன்.

உனக்குத் தெரியுமே, பழைய சக்கர நாற்காலிகளைச் சரிசெய்து இரவல் தருகிறோம். தேவை முடிந்தாலும் அவை திரும்பி வந்ததில்லை, கொண்டுவர வண்டி இல்லை என்பார்கள். கால் முறிந்த தையற்காரம்மா கட்டிலிலேயே கிடந்து, தினமும் ஆள் அனுப்பி நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

கேடயம் காகிதப்பைக்காரருக்குப் போனது. அதன் பிறகுதான் எல்லோருக்கும் வாய் திறந்தது. முதியவர்களுக்கு வீடு வீடாகச் சாப்பாடு அனுப்பும் அம்மாள், கைகழுவும் இடத்தில் அழாத குறையாக, "வண்டி நிறைஞ்சு போகுது, காலியா வருது, டீசலுக்கே கட்டுப்படியாகலைக்கா" என்றார். எனக்குப் பொறி தட்டியது. "என் நாற்காலியெல்லாம் நீங்க போற தெருவுலதாம்மா கிடக்குது" என்றேன். சிரித்த சிரிப்பில் குழாயை மூட மறந்துவிட்டோம். இப்போது அவர் வண்டி திரும்பும்போது நாற்காலிகளை ஏற்றி வருகிறது, டீசலில் பாதி என்னுடையது. பட்டறையை மூடவில்லை. தையற்காரம்மா நேற்று நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாராம்.

நீயும் வாராவாரம், "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாய். அந்தப் பதிலுக்கு நம் வீட்டில் நட்சத்திரம் கிடையாது. முதலில் நானே சொல்கிறேன், மாடி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, உன்னைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. பதிலுக்கு ஒரு குறையாவது எழுது. வேளைக்குச் சாப்பிடு.

குறை சொல்ல நாலு பேர் பக்கத்தில் இருக்க, நீ நன்றாக வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்
அம்மா

பி.கு: அப்பா எட்டிப் பார்த்து, தனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதச் சொல்கிறார். இருமிக்கொண்டே சொல்கிறார்.