அடுப்புக்கு மேலே ஒரு கூடு

மதினி, காலையில் முற்றம் பெருக்கப் போனபோது சாய்ப்புக் கூரைக்கு அடியில் ஒரு பறவைக்கூடு விழுந்து கிடந்தது. ராத்திரிக் காற்றுக்கு விழுந்திருக்க வேண்டும். குஞ்சுகள் பறந்துபோன பழைய கூடு. தவிட்டுப்புறா கட்டியது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இம்புட்டு மோசமாகக் கூடு கட்ட வேறு எதற்கும் வராது என்று நீங்கள்தானே சொல்வீர்கள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விஸ்வநத்தத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். நாம் இருவரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகிக்கொண்டிருந்தோம். அண்ணன் அப்போதுதான் செல்போன் வாங்கியிருந்தார். ஆனால் வருகிறவர்களிடம் அவர் பீற்றிக்கொண்டதெல்லாம் மாடியில் வளர்த்த கர்ணப்புறாக்களைப் பற்றித்தான். அந்தத் தீபாவளி சீசனில் உங்கள் வீட்டுச் சாய்ப்பில், விறகடுப்புக்கு நேர் மேலே, ஒரு ஜோடி தவிட்டுப்புறா கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது.

ஒருநாள் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தீர்கள். இறங்கிவந்து, உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினீர்கள். உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அங்கன பூராம் திரியா இருக்கு," என்றீர்கள்.

நானும் ஏறிப் பார்த்தேன். கூட்டில் பாதிக்கு மேல் மருந்து தோய்ந்த திரித் துண்டுகள். நடுவில் இரண்டு வெள்ளை முட்டைகள். கீழே நாம் எரிப்பதோ பருத்திமார், காய்ந்த பருத்திக் குச்சி. அது எப்படிப் பொறி தெறிக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டைக் காப்பாற்ற வேண்டுமே, அவரையும் குறை சொல்ல முடியாது. நீங்கள் குறுக்கே நின்றீர்கள்.

"உங்க கர்ணப்புறா முட்டை கூமுட்டையாப் போன அன்னைக்குச் சோறு திங்காமப் படுத்தீகளே, மறந்துட்டீகளா?"

"அதும் இதும் ஒண்ணா? அது நான் வளக்குறது."

"அது நீங்க வாங்கியாந்தது, இது தானா வந்தது. அம்புட்டுதான் வித்தியாசம். குஞ்சு பறக்குற வரைக்கும் இங்கன அடுப்பெரியாது."

அப்படியே எரியவில்லை. இரண்டு வீட்டுச் சோறும் என் வீட்டு அடுப்பில்தான் வெந்தது. சீசன் நேரம், ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. இடுப்பு ஒடிய வேலை பார்த்து வந்து, இரண்டாவது உலைக்காக நீங்கள் என் வீட்டில் காத்துக் கிடப்பீர்கள். ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. பகலில் அடைகாப்பது ஆண்புறாதான் என்று புறாக்காரரான அண்ணனே வாயை விட்டு மாட்டிக்கொண்டார். அதன்பின் அவர் சோறு தாமதமாகிறது என்று முனகினால், "அங்கன ஒரு ஆம்பள வாயத் தொறக்காம உக்காந்திருக்கு, பாருங்க," என்பீர்கள். அவர் சிரித்துவிடுவார்.

அந்தத் திரி எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் உங்களை அரித்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வழக்கம்போல முற்றத்தில் நின்று சேலையை உதறினீர்கள். மடிப்பிலிருந்து இரண்டு கறுப்புத் துண்டுகள் விழுந்தன. நான் உதறினேன், என்னிடமிருந்தும் விழுந்தன. தினமும் நாமே இறைத்துப்போட்டதைத்தான் அந்தப் புறா குச்சி என்று நினைத்துப் பொறுக்கியிருக்கிறது. நீங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

குஞ்சுகள் இரண்டும் பிழைத்துப் பறந்தன. அண்ணன் கூட்டை இறக்கி, வெட்டவெளியில் கொண்டுபோய்த் தீ வைத்தார். சர்ரென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அவர் முகம் வெளிறிப்போனது. நீங்கள் மட்டும் அந்தக் கரித் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அது தெரியாம உக்காந்திருந்துச்சு. நாம தெரிஞ்சே உக்காந்திருக்கோம்," என்றீர்கள்.

மறுநாளிலிருந்து கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, சேலையை உதறாமல் எவளையும் வெளியே விடமாட்டேன் என்றீர்கள். போர்மேன் கேலி பண்ணினார். பெண்கள் முகம் சுளித்தார்கள். நீங்கள் அசையவில்லை. உங்களைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை மதினி. அதற்காகவே உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு அந்த இடத்தில் நான் நிற்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே உதறவும் செய்கிறார்கள். அண்ணன் கர்ணப்புறாக்களுக்குக் கம்புத் தானியம் போடப் போகும்போது ஒரு பிடியை முற்றத்தில் இறைத்துவிட்டுப் போகிறார். கேட்டால், கை தவறிவிட்டது என்கிறார்.

இன்று அந்தக் கூட்டை மடியில் வைத்து ஒவ்வொரு குச்சியாகப் பிரித்துப் பார்த்தேன். வேப்பங்காம்பு இருந்தது, விளக்குமாற்று ஈர்க்கு இருந்தது, என் நரைமுடிகூட ஒன்று இருந்தது. திரி ஒன்றுகூட இல்லை மதினி.