நாலு குடம் தண்ணி

ஞாயிறு, ராத்திரி

நேத்து நைனாவை எரிச்சிட்டு வந்து, தம்பி விடிய விடிய குடிச்சான். காலையில சுடுகாட்டுல பால் தெளிக்க, செஞ்சிக்குப் போய் பூ வாங்கியாரணும். நேரமாவுதுன்னு நான்தான் அவனைத் தொட்டியாண்ட உக்கார வெச்சு, தலையில நாலு குடம் தண்ணி ஊத்தினேன். மோரும் குடுத்தேன்.

"போதை இறங்கிடுச்சுக்கா, சாவி குடு"ன்னான். நிதானமாத்தான் நின்னான். குடுத்துட்டேன்.

கோட்டை திருப்பத்துல நின்ன லாரியில பைக்கை விட்டுட்டான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

"குளிச்சுட்டுத்தானே சார் போனான்?"னு டாக்டரைக் கேட்டேன்.

"குளிச்சா தூக்கம்தாம்மா கலையும். ரத்தத்துல இருக்கிற சாராயம் அப்படியேதான் இருக்கும். அதைக் கரைக்க ஈரலுக்குப் பல மணி நேரம் ஆவும்"னாரு.

மத்தியானத்துக்கு மேல பால் தெளிச்சிருந்தா இன்னா? நைனா எங்க போயிடப் போறாரு.