மெக்சிக்கோவில் எனக்கு விழுந்த மாலை

முருகன் துணை

மிச்சம், லண்டன்
19.11.2025

அன்புள்ள மகள் மிதுஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகன் பிரவினும் குஞ்சு மேனுஷாவும் கல்கரிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகனை மன்றாடுகிறேன். என் சுகத்தைக் கேட்டால் சீனியும் பிறசரும் கட்டுக்குள் இருக்கின்றன, மனம்தான் கட்டுக்குள் இல்லை. வந்து இரண்டு கிழமையாகியும் அப்பா ஏன் போன் எடுக்கவில்லை என்று சித்தி ஜெயகௌரியிடம் கேட்டாயாம், அவள் செவன் கிங்ஸில் இருந்து தினம் இரண்டு தரம் போன் அடித்துச் சொல்கிறாள். போனில் நான் ஏசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் நிறுத்திவிடுவேன். கடிதத்தில் நிறுத்தத் தேவையில்லை, அதனால்தான் எழுதுகிறேன். குளிர்ப்பெட்டிக் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன துண்டையும் கண்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் மெக்சிக்கோவைப் பற்றி எழுதி முடிக்க வேண்டும்.

அம்மா போய் ஒரு வருசத்துக்கு மேலாகிறது, அப்பா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார், ஒரு மாற்றம் வேண்டும் என்று நீ காசு கட்டிப் பன்னிரண்டு நாள் பண்பாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்பினாய். உன் மனதில் நல்லெண்ணம்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பதினெட்டுப் பேர், எல்லாருக்கும் காதில் ஒரு கருவி, முன்னால் றொசாரியோ என்ற பெட்டை மஞ்சள் குடையைத் தூக்கிக்கொண்டு நடக்க நாங்கள் வாத்துக் கூட்டம் போலப் பின்னால். நான் இருபத்தாறு வருசம் லண்டனில் பஸ் ஓட்டினவன், சனங்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒரு நாளும் குடை பிடித்து மேய்த்ததில்லை. மெக்சிக்கோ சிற்றியில் பழைய ஆட்களின் பெரிய கோயிலை இடித்து அந்தக் கல்லில் பக்கத்திலேயே தேவாலயம் கட்டியிருக்கிறார்கள், அதைக் காட்டி இரண்டு பண்பாடுகளின் சங்கமம் என்று றொசாரியோ பாடமாக்கி வைத்ததை ஒப்புவித்தாள். நல்லூர்க் கோயிலைப் பறங்கி இடித்ததையும் இப்படித்தான் யாரோ ஒரு பெட்டை குடையோடு நின்று சங்கமம் என்று சொல்லுவாள் போல. எங்கள் கூட்டத்தில் கோப்பி நிறத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி இருந்தாள், ஊர் றெடிங் என்றாள், அவள் எதைக் கண்டாலும் ‘லவ்லி’ என்பாள். இடித்த கோயிலுக்கும் லவ்லி, கால் இல்லாமல் தெருவில் இருந்து பிச்சை எடுத்த மனுசனுக்கும் லவ்லி.

சாப்பாட்டைப் பற்றி எழுதவே அரியண்டமாயிருக்கிறது, எழுதுகிறேன். கோழிக்கு மேலே சொக்லேற்றும் மிளகாயும் அரைத்துக் கறுப்பாய் ஊற்றித் தருகிறார்கள், வெட்டுக்கிளியைப் பொரித்து உப்பும் தேசிக்காயும் போட்டுக் குவித்து விற்கிறார்கள், தொப்பிக்காரியின் புருசன் அதைக் கச்சான் கொட்டை மாதிரிக் கொறித்துக்கொண்டு பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தான், ஒரு கால் அவன் பல்லில் நின்றது. அதைவிடக் கோதாரி குவானஹுவாட்டோ என்ற ஊரில். சுடலையில் தாட்ட பிணங்களை, சொந்தக்காரர் வரி கட்டவில்லை என்று அந்த நாளில் கிளப்பி எடுத்தார்களாம், காய்ந்துபோய்க் கிடந்ததாம், அதைக் கண்ணாடிக்குள் நிற்க வைத்து டிக்கெற் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு பொம்பிளை வாயைத் திறந்தபடி நிற்கிறாள், காலில் மேசு கூட இருக்கிறது. நான் வாசலில் இருந்த கல்லில் இருந்துவிட்டேன். உள்ளே போனவர்கள் வெளியே வந்து ஐஸ்கிறீம் வாங்கினார்கள்.

இனி உன் பங்குக்கு வருகிறேன். வஹாக்கா என்ற ஊருக்குப் போனது ஒக்டோபர் முப்பத்தோராம் திகதி, அங்கே செத்தவர்களின் நாள் கொண்டாடுகிற நேரம். கொண்டாட்டம் என்றால் நீ நினைக்கிற மாதிரி இல்லை, எங்களைப் போலத்தான், படம் வைத்து, விளக்குக் கொளுத்தி, போனவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைக்கிறார்கள். செவ்வந்திப் பூவை வாசலில் இருந்து படையல் வரைக்கும் பாதை மாதிரிக் கொட்டி வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். செத்தவர்களுக்குக் கண் தெரியாது, மணம் பிடித்துத்தான் வீட்டுக்கு வருவார்கள் என்று றொசாரியோ சொன்னாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் பாடமாக்காமல் சொன்னது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சொல்லும்போது குடையைக் கீழே வைத்துவிட்டாள், தன் வீட்டில் போன யாரையோ யோசித்திருப்பாள். சரி, நல்ல விசயம் என்று ஹோட்டலுக்குள் போனால் முன் மண்டபத்தில் எங்கள் கூட்டத்துக்கென்று ஒரு படையல். ஒவ்வொருவரும் நினைவுகூர விரும்புகிறவரின் படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி ஒரு போர்ம் வந்ததாமே, நீதானே எனக்காக நிரப்பினாய். கொம்மாவின் படத்தைத் தேடினேன். நடுவில் பெரிசாய் இருந்தது. அவளோடு நானும் இருந்தேன்.

எங்கள் வெள்ளிவிழாவுக்கு ஹைகேற் முருகன் கோயில் வாசலில் எடுத்த படம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு செவ்வந்தி மாலை, கீழே இரண்டு பேரின் பெயரும் கலர் எழுத்தில். கொம்மாவுக்கு முன்னால் தேத்தண்ணி. எனக்கு முன்னால் ஒரு போத்தல் பியர், அதையும் நீதான் போர்மில் எழுதியிருக்க வேண்டும், வேறு யாருக்குத் தெரியும். பக்கத்தில் சீனியால் செய்த இரண்டு மண்டையோடு, ஒன்றின் நெற்றியில் வசந்தமலர், மற்றதின் நெற்றியில் குலசேகரம். பிள்ளை, உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று கல்கரியில் மறந்துபோச்சோ. சின்ன வயதில் நீ ஒரு நாள் என் படத்தில் பூ வைத்ததற்குக் கொம்மா உன் கையில் அகப்பையால் போட்டது நினைவில்லையா. தொப்பிக்காரி வந்து என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்கள் தம்பியா, நல்ல வடிவான சோடி என்றாள். நான்தான் அது என்று சொன்னேன். சிரி சிரி என்று சிரித்து மற்றவர்களையும் கூப்பிட்டாள், பிறகு பதினேழு பேரும் என்னை என் படத்துக்குப் பக்கத்தில் நிற்பாட்டிப் போன் பிடித்தார்கள். நானும் நின்றேன், அதை நினைத்தால் என் மீதே எனக்கு அருவருப்பாயிருக்கிறது. றொசாரியோ ஓடி வந்து மன்னிப்புக் கேட்டாள், இங்கே உயிரோடிருக்கிற சிநேகிதருக்கும் பெயர் எழுதி மண்டையோடு குடுக்கிறது வழக்கம், குற்றம் இல்லை என்றாள். உங்கள் ஊரில் குற்றமில்லை, எங்கள் ஊரில் இது எனக்கு நாள் குறிக்கிற வேலை என்றேன். ஒரு கத்தரிக்கோல் கொண்டுவந்து தந்தாள், என்னை வெட்டி எடுக்கச் சொல்லி. வெட்ட ஏலவில்லை. அந்தப் படத்தில் கொம்மாவின் கை என் தோளில் இருக்கிறது, என்னை வெட்டினால் அவளின் கையும் போகும். அதனால் என் பாதியைப் பின்னுக்கு மடித்துவிட்டு அவளை மட்டும் தெரிய வைத்தேன். கை விரல்கள் மடிப்போடு நின்றன. என் மண்டையோட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை, வீசவும் மனமில்லை, அறைக்குக் கொண்டுபோய்க் கடித்துத் தின்றுவிட்டேன். சரியான இனிப்பு. ஜெயகௌரிக்குச் சொல்லாதே, டொக்டரிடம் போய் நிற்பாள்.

அடுத்த நாள் பின்னேரம் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்ச் சனம் குடும்பம் குடும்பமாய்க் கல்லறையைச் சுற்றி இருந்து சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தது, எங்கள் கூட்டம் முகத்தில் மண்டையோட்டுப் படம் கீறிக்கொண்டு வைன் கோப்பையோடு அதற்குள் புகுந்தது. அழுதுகொண்டிருந்த ஒரு தாயின் முகத்துக்கு அரை முழம் தூரத்தில் தொப்பிக்காரியின் புருசன் கமராவை வைத்தான். தொப்பிக்காரி ஒரு சின்னக் கல்லறைக்கு மேல் ஏறி இருந்து போட்டோவுக்குச் சிரித்தாள், அது ஒரு குழந்தையின் கல்லறை, விளையாட்டுக் கார் வைத்திருந்தது. எழும்பு என்று கத்திவிட்டேன், தமிழில்தான் வாயில் வந்தது, ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை, நிம்மதி. நான் தனியாய் நிற்க, என் வயதுள்ள ஒரு மனுசன் தன் மனுசியின் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்தவன் ஸ்ரூல் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டான். பாணும் சூடாய்ச் சொக்லேற்றுத் தண்ணியும் தந்தான். அவன் தன் பாட்டில் கல்லறையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டேயிருந்தான், கைவிரலை நீட்டி நீட்டி. றொசாரியோவைக் கூப்பிட்டு என்ன சொல்கிறான் என்று கேட்டேன். கூரை ஒழுகுது, மகன் போன் எடுக்கிறதில்லை, ஆடு குட்டி போட்டுது, நீ எனக்கு முந்திப் போனது பெரிய களவு என்று மனுசிக்கு ஏசுகிறானாம். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு மனுசனைத்தான். இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்குப் போனதும் நானும் கொம்மாவுக்கு ஏச வேண்டும், நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வந்து கதவைத் திறந்தால் எலுமிச்சை மணக்கும் வீடு கழுவுகிற மருந்து மூக்கில் அடித்தது. ஆஸ்பத்திரி வாசல் மாதிரி. பிறகுதான் குளிர்ப்பெட்டியில் உன் துண்டு. ‘அப்பா, சப்பிரைஸ். ஒரு கிழமை லீவு எடுத்து வந்து சித்தியோட சேர்ந்து எல்லாம் கிளியர் பண்ணிட்டன். வீடு இப்ப லேசாயிருக்கும். அம்மாவின்ரை பச்சைக் கார்டிகனை மட்டும் நான் கொண்டு போறன்.’ அலுமாரியில் வெறும் கம்பிகள் ஆடிக்கொண்டிருந்தன. சேலைகள், சால்வை, செருப்பு, தலையிடிக்குப் பூச அவள் தலைமாட்டில் வைத்திருந்த சித்தாலேபைக் குப்பி, ஒன்றும் இல்லை. ஜெயகௌரியைக் கேட்டேன். அத்தான், செத்தவையின்ரை உடுப்பை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய ஆருக்கும் குடுத்திடவேணும், வைச்சிருந்தால் அவையும் போகமாட்டினம், நீங்களும் தேறமாட்டியள் என்றாள். வழக்கம் எனக்கும் தெரியும். பதினாலு மாதமாய் நான் அதைச் செய்யாமல் விட்டது மறதியால் இல்லை. என்னிடம் கேட்டால் மாட்டேன் என்பேன் என்று உனக்குத் தெரியும், அதனால் என்னை ஊர் பார்க்க அனுப்பிவிட்டுக் களவாய்ச் செய்திருக்கிறாய். ஊரான் தன் செத்தவர்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறதைப் பன்னிரண்டு நாள் என்னைப் பார்க்க வைத்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் என் வீட்டில் இருந்தவளை வெளியே அனுப்பிவிட்டாய். தொப்பிக்காரி ஒரு கல்லறைக்கு மேல்தான் ஏறி இருந்தாள், அவள் பிறத்தி, நீ பிள்ளை.

அடுத்த நாள் ட்ராம் எடுத்துப் போய் நீங்கள் உடுப்புகளைக் குடுத்த தருமக் கடையைக் கண்டுபிடித்தேன். அவளின் ஊதாச் சேலை கடையின் முன் கண்ணாடிக்குள் இருக்கிறது, ஒரு பிளாஸ்ரிக் பொம்மைக்குக் கழுத்தில் சால்வை மாதிரிச் சுற்றி. உள்ளே போய்த் தொட்டேன், மூக்கில் வைத்தும் பார்த்தேன். கடைக்காரர் நீராவி பிடித்து மணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அங்கே நின்ற கிழவி ‘லவ்லி’ என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன், வெறும் துணியை வாங்கி என்ன செய்ய.

உன்னைத் திட்டி முடித்துவிட்டேன் மகள். நீயும் தாயைப் பறிகொடுத்தவள், அந்த அலுமாரியை நீ எப்படி அழாமல் திறந்திருப்பாய் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அழுதிருப்பாய். எனக்குத் தெரியாமல் அழத்தான் நான் இல்லாத நேரம் பார்த்து வந்தாயோ என்னவோ. நீயும் மருமகனும் குஞ்சும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் முந்தாமல் நெடுநாள் வாழ முருகன் அருள வேண்டும். மேனுஷாவுக்கு ஒரு மரப் பொம்மை வாங்கி வந்திருக்கிறேன், மண்டையோடு இல்லாதது, தேடி வாங்கினேன். பனியில் கார் ஓட்டும்போது முன் காருக்கு இடம் விட்டு ஓட்டு, பஸ் ஓட்டினவன் சொல்கிறேன்.

மறக்காமல் ஒன்று. மடித்த அந்தப் படத்தைக் கொண்டுவந்து குசினி யன்னலில் வைத்திருக்கிறேன், பூவும் வைத்தேன், ஆனால் செவ்வந்தி கொம்மாவுக்குத் தெரிந்த மணம் இல்லை, அந்தப் பூவைப் பிடித்து அவள் வரமாட்டாள். அந்தப் பச்சைக் கார்டிகனில்தான் சித்தாலேபையும் வறுத்த மிளகாய்த்தூளும் மணக்கும். ஒரு மாதத்துக்கு மட்டும் அனுப்பு, திருப்பி உனக்கே அனுப்புவேன். கழுவாமல் அனுப்பு. பிரவின் கண்டதையெல்லாம் மெசினில் போடுகிறவர் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை கழுவியாயிற்று என்றால் அனுப்ப வேண்டாம், கழுவினதை எனக்குச் சொல்லவும் வேண்டாம். தபாலில் துலைந்துபோச்சு என்று சொல்லு, நான் நம்புவேன்.

இப்படிக்கு,
வீட்டின் எலுமிச்சை மணம் கையிலும் ஒட்டிய உன் அப்பா,
குலசேகரம்